ரத்தம் சார்

ஒவ்வொரு வருடமும் ஆவணி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, செண்பகராமன் தூத்துக்குடியில் இறங்கி இரண்டு கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு கீழமணல்குடிக்குப் பஸ் ஏறுவார். என்ன விசேஷம் என்று கேட்டால், தன் கருத்து தவறு என்று தெரிந்த நாள் அது என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். நடந்தது இதுதான்.

செண்பகராமன் ஒரு கலைக்கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு நாற்பத்தேழாவது வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்த தாட்சாயணிக்கு வயது முப்பத்தெட்டு. மனித மரபியல் பேராசிரியை. மாணவர் ஆசிரியையை மேடம் என்று அழைத்தார். ஆசிரியை மாணவரை சார் என்று அழைத்தார். கடைசிவரை அது மாறவில்லை.

கீழமணல்குடி ஆண்கள் சங்கு குளிப்பவர்கள். முதுகில் காற்றுக் குடுவை கிடையாது. வள்ளத்திலிருந்து குதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து ஆள் ஆழம் போய், மணலைத் துழாவிச் சங்கு எடுத்து மேலே வருவார்கள். குளியாளிகள் என்று அவர்களுக்குப் பெயர். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் திணறிப்போகிற இடத்தில் அவர்கள் மூன்று நிமிடம் இருப்பார்கள்.

அது எப்படி முடிகிறது என்பதுதான் செண்பகராமனின் கேள்வி.

விலா எலும்புக்குள் இடப்பக்கம் ஒளிந்திருக்கிறது மண்ணீரல். மூச்சை அடக்கும்போது அது சுருங்கி, தான் தேக்கிவைத்த ரத்தத்தை உடம்புக்குள் விடும். மண்ணீரல் பெரிதென்றால் தண்ணீருக்கடியில் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். செண்பகராமன் ஒரு ஸ்கேன் டாக்டரை ஊருக்கு அழைத்துப் போய் நாற்பத்துநான்கு குளியாளிகளைப் படம் எடுத்தார். நகரத்தில் நாற்பத்துநான்கு ஆண்களைப் படம் எடுத்தார். கணினித் திரையில் ஒவ்வொரு படத்தையும் தானே அளந்தார். குளியாளிகளின் மண்ணீரல் சராசரியாக ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது.

அன்றைக்கு அவர் கல்லூரி மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்று அழுதார். சந்தோஷத்தில்தான்.

வேறொரு கடலில் வேறொரு மக்களுக்கு இது பரம்பரையாக வருகிறது என்று ஓர் ஆய்வை அவர் முன்பே படித்திருந்தார். இங்கேயும் அதுவே. மூச்சு நிறைந்தவன் கடலில் பிழைத்திருப்பான், குறைந்தவன் போயிருப்பான். பிழைத்தவனின் உடம்பு பிள்ளைகளுக்கு வந்திருக்கும். எத்தனையோ தலைமுறை அப்படியே ஓடியிருக்கும். படிக்கிறவர் மயங்கும்படி எழுதினார்.

எழுதியதோடு நிற்கவில்லை. அந்த வருடம் ஊர் மாதா கோயில் திருவிழாவில், கொடியேற்றம் முடிந்ததும் அவரை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்த மூச்சு நீங்கள் கற்றுக்கொண்டது இல்லை. உங்கள் முன்னோர் உங்கள் ரத்தத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனது. மூச்சடக்கத் தெரியாதவன் இந்த ஊர் ரத்தமே இல்லை!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மறுநாளே ஊரில் அவர் பெயர் ரத்தம் சார் என்றாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஆய்வுக் கட்டுரையைத் தாட்சாயணியின் மேசையில் வைத்தார். அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படித்தார்.

"அழகா எழுதியிருக்கீங்க சார்."

"சரிதானே மேடம்?"

தாட்சாயணி கட்டுரையை மூடினார்.

"இது தப்பா இருந்தா நீங்க என்ன பார்த்திருப்பீங்க?"

"தப்பா இருந்தாவா?"

"ரத்தம் காரணமே இல்ல, பழக்கம்தான் காரணம்னு வைங்க. சின்ன வயசுல இருந்து மூச்சடக்கி அடக்கித்தான் மண்ணீரல் பெருசாகுதுன்னு வைங்க. அப்போ குளியாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும்?"

செண்பகராமன் யோசித்தார். "பெருசாதான் இருந்திருக்கும்."

"டவுன்காரங்களுக்கு?"

"சின்னதா."

"நீங்க பார்த்தது என்ன?"

மேசையில் மின்விசிறிக் காற்றில் கட்டுரையின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது. இரண்டு கருத்துக்கும் ஒரே படம்தான் வருகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் கோபம் வந்தது. தன்னைவிட ஒன்பது வயது சின்னவளிடம் நான்கு வருட உழைப்பைக் கொண்டுவந்து கொடுத்தால் நான்கு கேள்வியில் முடித்துவிட்டாளே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் ஒருமையில் திட்டினார்.

மறுநாள் தாட்சாயணியே கூப்பிட்டார். "சார், அந்த ஊருக்கு நானும் ஒரு தடவை வரட்டுமா?"

இருவரும் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையிலிருந்து யாரோ, "ஏய், ரத்தம் சார் வந்துட்டாரு" என்றார்கள். செண்பகராமன் ஓரக்கண்ணால் மேடத்தைப் பார்த்துக்கொண்டார். ஊர் தன்னை எப்படி வைத்திருக்கிறது என்று அவர் பார்க்கட்டும் என்று இருந்தது.

அப்போது எதிரில் இருந்த பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கை ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நேராக அவர் முன்னால் நின்றாள்.

"நீங்கதான் ரத்தம் சாரா?"

"ஆமாம்மா."

"நான் அமலோற்பவம். கஸ்பார் பெஞ்சாதி."

கஸ்பாரைச் செண்பகராமனுக்கு நன்றாகத் தெரியும். ஊரிலேயே அதிக நேரம் மூச்சடக்குகிற குளியாளி. கட்டுரையில் முதல் எண் அவருடையதுதான். கஸ்பாருக்கு மனைவி இருக்கிறாளா என்று அவர் கேட்டதே இல்லை.

"எம் மவன் டெல்வினுக்கு இருபத்துநாலு வயசு," என்றாள் அமலோற்பவம். "போட் மோட்டார் ரிப்பேர் பாக்கான். தங்கமான கை. ஆனா தண்ணிக்குள்ள அரை நிமிசம் நிக்க முடியாது அவனுக்கு. சின்னதுல இருந்தே பயம். கோயில்ல அவன் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க இருந்த வாரம் நீங்க மைக்குல பேசுனீங்க."

செண்பகராமன் தோள்பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"பொண்ணு வீட்டுக்காரவுக கல்யாணத்தை நிப்பாட்டிட்டாவ. மூச்சு இல்லாதவன் இந்த ஊரு ரத்தமே இல்லன்னு சாரே சொல்லிட்டாரு, அப்ப அவன் யாரு ரத்தம்னு கேக்காவ. யாரைக் கேக்காவன்னு புரியுதா சார்? என்னைய."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"எம் புருசன் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல. ரெண்டு மாசமா வீட்டுல சோறு திங்கல. அவுக அக்கா வீட்டுல போய்த் திங்காரு."

செண்பகராமன் கைகூப்பினார். "அம்மா, நான் சொன்னது தப்பு. மைக்கைப் பிடிச்சு நானே சொல்லிடுறேன். எல்லாமே தப்புன்னு சொல்லிடுறேன்."

"எது தப்பு சார்?" என்று கேட்டார் தாட்சாயணி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒரு வாக்கியம் தப்பு. உங்க கருத்து முழுக்கச் சரியா இருந்தாலும் அது ஊருக்குத்தான் சராசரி சொல்லும். ஒரு தனி ஆளைப் பத்தி எதுவும் சொல்லாது. ஒரே தாய் தகப்பனுக்கு நெட்டையும் குட்டையும் பிறக்குது. அந்த வாக்கியத்தை இன்னைக்கே திரும்ப வாங்கிக்கணும்."

"அதை அன்னைக்கு மைக்குல சொல்லலியே இவரு," என்றாள் அமலோற்பவம்.

"சொல்லலம்மா. ஆனா கருத்தே தப்பான்னு எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாததை இவர் சரின்னு சொன்னாரு. இப்போ உங்க கண்ணைப் பார்த்துட்டுத் தப்புன்னு சொல்லப் பாக்குறாரு."

அன்று சாயங்காலம் செண்பகராமன் கடற்கரையில் கஸ்பாரைத் தேடிப் பிடித்தார். அந்த வாக்கியம் தவறு என்றார். டெல்வினைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்றார். கஸ்பார் வலையை உதறிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு அவ்வளவு சத்தமாச் சொன்னீரு. இன்னைக்கு எங் காதுக்குள்ள வந்து சொல்லுதீரு."

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரின் அனுமதியோடு அதையே மைக்கிலும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. அமலோற்பவம் அழுது பிடித்துச் சொல்ல வைத்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. கஸ்பாரின் அக்கா லூர்தம்மாள் தம்பிக்காக ஒரு யோசனையோடு, செண்பகராமனும் தாட்சாயணியும் இருந்த சத்துணவுக்கூடத்துக்கு வந்தாள்.

"இப்பத்தான் அப்பன் யாருன்னு பாக்குற டெஸ்ட் இருக்காமே மேடம். அதை எடுத்துட்டா எல்லார் வாயும் அடைஞ்சிரும்லா?"

அமலோற்பவம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"என்னையச் சோதிக்க வேண்டாம் மதினி. நான் ஒண்ணும் சொல்லலியே. சொன்னது இவரு. இவரு சொன்னதைச் சோதிக்கச் சொல்லுங்க."

தாட்சாயணி எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எப்படிம்மா சோதிக்கலாம்?"

"நீங்க படிச்சவுக. என்னையக் கேக்கீங்க."

"ஊரு உங்களுக்குத்தானே தெரியும்."

அமலோற்பவம் மறுபடி பானையைத் தேய்க்கத் தொடங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரத்தத்துல இருக்குன்னா, ஒரே வயித்துல பிறந்த பொம்பளைப் பிள்ளையளுக்கும் இருக்கணும்லா? இந்தா, லூர்து மதினி இருக்காவ. எம் புருசனோட கூடப் பிறந்தவ. ஒரு நாளு கடல்ல முங்குனது கெடையாது."

"தண்ணிக்குள்ள இறங்காத ஆம்பளைங்களையும் பார்க்கலாமே," என்றார் செண்பகராமன்.

"ஆம்பளைல மூச்சு பத்தாதவன்தான் வேற வேலைக்குப் போவான், எம் மவன் மாதிரி. அவனையே பொறுக்கி எடுத்துப் பாத்தா எப்படி? பொம்பளையளுக்கு மூச்சு இருக்கா இல்லியான்னு இந்த ஊருல எவன் பாத்தான்? இருந்தாலும் இல்லாட்டாலும் எங்களைக் கடலுக்கு விடுறதில்லியே."

செண்பகராமன் நான்கு வருடம் அந்த ஊருக்கு வந்து போயிருக்கிறார். ஒரு பெண்ணைக்கூட அளந்ததில்லை. அளக்கலாம் என்று தோன்றியதும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் தேடிக் கிடைக்காத சோதனையை, சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டே ஒருத்தி சொல்லிவிட்டாள்.

தாட்சாயணி பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"எழுதுங்க சார். என்ன வந்தா நீங்க சரி, என்ன வந்தா நீங்க தப்பு."

"இப்பவேவா? இன்னும் ஒருத்தரைக்கூட அளக்கலியே மேடம்."

"அளந்த பிறகு எழுதினா அது வேற மாதிரி வரும்."

அவர் எழுதினார். குளியாளிகளோடு கூடப் பிறந்த பெண்களின் மண்ணீரல் நகரத்துப் பெண்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால் என் கருத்து நிற்கும். ஒன்றுபோல இருந்தால் என் கருத்து விழும். வெளியூரிலிருந்து பிழைக்க வந்து சங்கு குளிக்கப் பழகிக்கொண்ட ஒன்பது பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் குளியாளிகளுக்கு இருப்பதுபோலப் பெரிதாக இருந்தால் என் கருத்து மறுபடியும் விழும்.

"நடுவுல வந்தா?"

அவர் பேனாவைக் கடித்தார். பிறகு எழுதினார். நடுவில் வந்தால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வேன்.

கையெழுத்துப் போட்டு மேடத்திடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி அமலோற்பவத்திடம் கொடுத்தார். அமலோற்பவம் எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் உரக்க வாசித்தாள். மடித்து, சத்துணவுக்கூடத்துப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

அதன்பிறகு நடந்ததைச் செண்பகராமன் இன்றும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார்.

வீடு வீடாக ஏறி இறங்கியது அமலோற்பவம்தான். தன்னைப் பற்றி வாய்கூசாமல் பேசிய வீடுகளுக்கும் போனாள். ஸ்கேன் என்றதும் பெண்கள் சிரித்தார்கள். "இந்த வயசுல எங்களுக்கு என்னத்தப் பாக்கப் போறாவ" என்றார்கள். ஆனாலும் வந்தார்கள். கன்னியர் மடத்து மருந்தகத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு பெண் டாக்டர் அவர்களைப் படம் எடுத்தார். மீன் காயப்போடுகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், ஒரு டீச்சர், இரண்டு கன்னியாஸ்திரிகள். குளியாளிகளோடு கூடப் பிறந்தவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். வாரத்தில் ஓய்வென்று இருந்த ஒரே காலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

லூர்தம்மாள் போகும்போது செண்பகராமனிடம் நின்று சொன்னாள். "நாலு வருசமா எங்க வாசல் வழியாத்தான் போவீரு. எங்களையும் ஒரு ஆளாப் பாப்பீருன்னு நெனைக்கல."

நகரத்தில் முப்பது பெண்களையும் படம் எடுத்தார்கள். அந்த ஒன்பது பேரையும் எடுத்தார்கள். தாட்சாயணி பழைய படங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் கலைத்து, பெயரையும் ஊரையும் நீக்கி, வெறும் எண் போட்டு அவரிடம் கொடுத்தார். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் மேடத்தின் அலமாரியில் பூட்டியிருந்தது.

செண்பகராமன் அளக்க உட்கார்ந்தார். திரையில் மண்ணீரலின் இரண்டு முனையிலும் புள்ளி வைக்க வேண்டும். கணினி நீளத்தைச் சொல்லும். ஓர் எண் சிறியதாக வந்தது. புள்ளி சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி வைத்தார். கொஞ்சம் பெரிதாக வந்தது. அதைக் குறித்துக்கொண்டார். அடுத்தது பெரிதாகவே வந்தது. அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

தாட்சாயணி பின்னால் நின்றிருந்தது அவருக்குத் தெரியாது.

"சார், பிடிக்காத எண்ணை ரெண்டு தடவை அளக்குறீங்க."

அவர் கை மவுஸிலேயே நின்றது.

"பிடிச்ச எண்ணை ஏன் ரெண்டாவது தடவை அளக்கல?"

யாருடைய படம் என்றே தெரியாதபோதுகூடத் தன் விருப்பம் விரல் நுனிவரை வந்து நின்றிருக்கிறது. செண்பகராமன் அதுவரை அளந்த எல்லாவற்றையும் அழித்தார். முதலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு படத்தையும் வேறு வேறு நாளில் மூன்று தடவை அளந்தார். பிடித்ததற்கும் மூன்று. பிடிக்காததற்கும் மூன்று.

ஆவணி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பட்டியலைப் பிரித்தார்கள். அமலோற்பவம் பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து தாளை எடுத்து வந்தாள். தாட்சாயணி பட்டியலில் எண்ணையும் ஆளையும் சேர்த்து வாசித்தார். செண்பகராமன் கரும்பலகையில் எழுதினார்.

குளியாளிகளின் கூடப் பிறந்த பெண்கள். நகரத்துப் பெண்கள். இரண்டு சராசரிக்கும் நடுவே ஒரு நூல் கனம்கூட வித்தியாசம் இல்லை.

பிழைக்க வந்த ஒன்பது பேர். எட்டுப் பேருக்குக் குளியாளிகளைப் போலவே பெரிது.

செண்பகராமன் சாக்பீஸைக் கீழே வைத்தார். அமலோற்பவம் தாளைப் பிரித்து அவர் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினாள். "என் கருத்து விழும்" என்ற இடம் இரண்டு தடவை வந்தது. இரண்டாவது தடவை அவள் குரல் தணிந்துவிட்டது. அவரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நாலு வருஷம் மேடம்," என்றார் செண்பகராமன். "கையில ஒண்ணும் இல்லாமப் போச்சு."

"நாலு வருஷமா நமக்குத் தெரியாத ஒண்ணு இன்னைக்குத் தெரியும் சார்."

அவர் கரும்பலகையைப் பார்த்தார். இந்த ஊரில், இந்த மக்களிடம், அந்த மூச்சு பிறப்போடு வரவில்லை. பழகி வந்தது. வேறு ஊரில் வேறு விதமாக இருக்கலாம். ஆனால் இங்கே இதுதான். இதுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன விஷயம், ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில், தன் கையெழுத்தில் இருந்தது. அவர் ஆசைப்பட்டது அல்ல அது. ஆனால் உண்மை. இத்தனை பேர் சேர்ந்து தனக்கு அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்தது.

அன்று பூசைக்குப் பிறகு மைக்கில் அவர் நீளமாகப் பேசவில்லை. தான் சொன்னது என்ன, அதை எப்படிச் சோதித்தோம், என்ன வந்தது என்று சொன்னார். சோதனை யாருடைய யோசனை என்று சொன்னார். அமலோற்பவத்தின் பெயரைச் சொல்லி, அவளிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். முப்பத்தொரு பெண்களுக்கும் நன்றி சொன்னார்.

கூட்டத்தில் ஒரு கிழட்டுக் குளியாளி எழுந்தார். எழுபது வயது. இன்னும் கடலுக்குப் போகிறவர்.

"அப்பம் எங்க ரத்தத்துல ஒண்ணும் கெடையாதா?"

அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. ஊருக்குக் கிடைத்த பெருமை ஒன்று போய்விட்டதே என்ற வருத்தம்.

"ரத்தத்துல வரல அய்யா. அது நீங்க ஒவ்வொருத்தரும் பாடுபட்டு உண்டாக்கிக்கிட்ட உடம்பு."

கிழவர் யோசித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "அதுவும் சரிதாம்ல. ஆறு வயசுல எங்கப்பன் எம் பெடரியப் புடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்குன அமுக்கு எனக்குல்லா தெரியும்."

கூட்டம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் கஸ்பார் எழுந்து வெளியே போவதைச் செண்பகராமன் பார்த்தார்.

மதியம் அமலோற்பவம் இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். உள்ளே போனால் கஸ்பார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். டெல்வின் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். பெண் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போனதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டானாம். அவசரப்படுகிறவன் முகமாக இல்லை அது.

"நான் ஒரு நாளும் சந்தேகப்படல சார்," என்றார் கஸ்பார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"சோறு திங்கலியே," என்றாள் அமலோற்பவம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மேடத்துக்குப் போட்டாள். சாருக்குப் போட்டாள். மகனுக்குப் போட்டாள். கஸ்பாருக்குக் கடைசியாகத்தான் போட்டாள். ஆனால் மீன் துண்டை வைத்தபோது நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். கஸ்பார் அதைப் பிட்டு வாயில் வைத்ததும் அவருக்குப் புரையேறியது. அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் தள்ளினாள். செண்பகராமன் தன் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அந்த வீட்டில் தனக்குச் சோறு போடுகிறார்கள் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. மதிய வெயிலில் உப்பளங்கள் இரண்டு பக்கமும் கண்ணைக் கூசச் செய்தன. முன்சீட்டில் தாட்சாயணி உட்கார்ந்திருந்தார். செண்பகராமன் பின்னால் இருந்தார். உப்பளங்கள் முடியும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"ரொம்ப நன்றி."

"எதுக்கு?"

"அன்னைக்குக் கட்டுரையைப் படிச்சப்பவே நான் தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வாயால சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். நானே கண்டுபிடிக்கட்டும்னு பொறுமையா இருந்தீங்க. அதுக்கு."

தாட்சாயணி திரும்பி அவரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதா?"

"நீங்க சொன்னது சரின்னுதான் நானும் நம்பினேன். அந்தத் தாளை நீங்க எழுதினப்போகூட அப்படித்தான். இன்னைக்குக் காலையில பட்டியலைப் பிரிக்கிற வரைக்கும்."

செண்பகராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீங்களும் நம்பினீங்கன்னா, அப்புறம் எதுக்கு மேடம் அத்தனை சோதனை?"

"நம்பினதாலதான் சார்."